பச்சைப் பெட்டியும் ரெண்டு சிவப்புப் புள்ளியும்

கிடார் பெடல் என்றதும் சைக்கிள் பெடல் ஞாபகம் வருபவர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், தரையில் கிடக்கும் ஒரு உலோகப் பெட்டி அது. காலால் ஒரு மிதி மிதித்தால் கிடார் சத்தம் மாறும். சில பெட்டி கரகரக்கும், சில எதிரொலிக்கும், சில அலை மாதிரி ஏறி இறங்கும். 1962ல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ என்ற பெயரில் ஒரு ஃபஸ் பெட்டி வந்தது. டிரான்சிஸ்டரை வைத்துக் கரகரப்பைக் கடைக்குக் கொண்டுவந்த முதல் ஆள் அதுதான். 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாடிஸ்ஃபாக்ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தினார்கள். அப்புறம் கடைகளில் இருந்த சரக்கெல்லாம் காலி.

இந்தக் கதையில் வரும் பெட்டி எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தவர் செய்தது. பகலில் லேத், ராத்திரியில் ஆர்கெஸ்ட்ரா. மாரியம்மன் நோம்பி, கல்யாணம், காது குத்து என்று அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கமெல்லாம் கிடாரைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனுசன். வெளிநாட்டுப் பெடல் வாங்க வசதியில்லை. ரேடியோ ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் சர்க்யூட்டைப் போட்டுக் கொடுத்தார். பெட்டியை இவரே பார்த்துக்கொண்டார்.

கோயமுத்தூர்க்காரனுக்குப் பெட்டி செய்வது ஒரு பெரிய விஷயமா? 1937ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்த ஊர். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். தெரிந்த பவுண்டரியில் மிச்சமிருந்த அலுமினியத்தில், மணல் அச்சில் ஊற்றி வாங்கிவிட்டார். கனடாவின் ஹேமண்ட் கம்பெனி இதற்கென்றே விற்கும் வார்ப்புப் பெட்டி ஒன்று 11 செ.மீ நீளம், 6 செ.மீ அகலம் இருக்கும். கைக்கு அடக்கமாக, வழவழவென்று. இவருடையது அதைப்போல ரெண்டு பங்கு. கனம், கிட்டத்தட்ட அம்மிக் குழவி. லேத்துக்கு அடித்து மிச்சமான பச்சைப் பெயிண்ட்டை அதற்கும் அடித்துவிட்டார். மேலே ரெண்டு குமிழ். ஒன்று வால்யூம், இன்னொன்று கரகரப்பைக் கூட்டிக் குறைக்க. அந்த ரெண்டாவது குமிழைச் சுற்றி மட்டும் ரெண்டு சிவப்புப் புள்ளிகள்.

அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பெட்டி இப்போது மகனிடம். பி.காம் கடைசி வருஷம், பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. கல்ச்சுரல்ஸில் வாசிக்க வேண்டும். பெயிண்ட் உரிந்து, மூலைகள் நசுங்கி, லேத் பட்டறையிலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும் பெட்டியை மேடையில் வைக்க அவனுக்குக் கொஞ்சம் கூச்சம். பெடல்களுக்கு நிறம் முக்கியம். 1978ல் வந்த பாஸ் டிஎஸ் 1 என்றால் ஆரஞ்சு, 1979ல் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் என்றால் பச்சை. இருட்டு மேடையில்கூட நிறத்தைப் பார்த்தே பெயரைச் சொல்லிவிடுவார்கள். இவன் கறுப்பு என்று முடிவு செய்தான். கறுப்பு யாரையும் கேள்வி கேட்க வைக்காது.

(காமர்ஸ் மக்களுக்கு ஒரு இடைச்செருகல்: இருக்கிற சொத்துக்கு மறுபடி பெயிண்ட் அடித்தால் வருவாய்ச் செலவு. செகண்ட் ஹேண்ட் மெஷினை வாங்கி, ஓட்டுவதற்கு முன்னால் பெயிண்ட் அடித்தால் மூலதனச் செலவு. அப்பா விட்டுப்போனதற்கு அடித்தால்? வகுப்பில் இதை வைத்து அரை மணி நேரம் சண்டை நடந்தது. தீர்ப்பு வரவில்லை. :) )

தெரு முனையில் இருக்கும் கார் டிங்கரிங் கடைக்குப் போய் யோசனை கேட்டான். "தம்பி, அலுமினியத்து மேல நேரா அடிச்சீங்கன்னா நகத்துல சொரண்டினாவே வந்துருமுங்க. எட்ச் பிரைமர் அடிச்சுட்டு அப்பறமா கலர் அடிங்க" என்றார் பெயிண்டர். சரியான பேச்சு. அலுமினியம் காற்றுப் பட்டதுமே தன் மேல் மெல்லிய ஆக்ஸைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். சாதாரணப் பெயிண்ட் அதில் சரியாக ஒட்டாது. எட்ச் பிரைமரில் இருக்கும் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கடித்து, பிடி உண்டாக்கிக் கொடுக்கும். "ஆனா மொதல்ல எண்ணெப் பிசுக்கு போகத் தின்னர் போட்டுத் தொடைக்கோணும்" என்று ஒரு பாட்டில் தின்னரும் கொடுத்தனுப்பினார்.

உள்ளே இருந்த சர்க்யூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பனியனில் தின்னரை நனைத்து ஒரே இழுப்பு. இருபது வருஷத்து அழுக்கு வந்தது. கூடவே சிவப்பாகவும் ஏதோ வந்தது. அவன் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் உப்புத்தாள், முதலில் முரட்டுத்தாள், பிறகு நைசு. மணல் வார்ப்பு என்பதால் அங்கங்கே குழி. பட்டி போட்டு அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்தான். ரெண்டு நாள் வேலை இது. பெயிண்ட் அடிக்கிற வேலையில் முக்கால்வாசி, பெயிண்ட்டே இல்லாத வேலைதான்.

மூன்றாம் நாள் அம்மா துணி துவைக்க எடுக்கும்போது பனியனைப் பார்த்தார். "ஏஞ்சாமி, இதென்ன செகப்பு?"

"பொட்டில ரெண்டு புள்ளி இருந்துச்சும்மா, அதுதான்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது என்ற நெகப்பாலீசு கண்ணு. உங்கப்பா வெச்சது. ஒண்ணு மெலடிக்கு, ஒண்ணு குத்துப் பாட்டுக்கு. இருட்டுல தெரியோணும்னு கேட்டு வாங்கி வெச்சாரு."

நெயில் பாலிஷ் என்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். தின்னர் பட்டால் நொடியில் கரைந்துவிடும். இனாமல் பச்சையாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது, புள்ளிகள் அதுகூடச் செய்யவில்லை. எந்த இடத்தில் இருந்தன என்று பார்க்கலாமென்றால் அந்த இடத்தையே உப்புத்தாளில் தேய்த்தாயிற்று. போட்டோ ஏதும் எடுத்து வைக்கவில்லை. எதை எதையோ செல்போனில் எடுக்கிறோம்!

பாதியில் நிறுத்த முடியாதே. மொட்டை மாடிக்குப் போனான். மாதம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, காற்று அத்தனையும் கோயமுத்தூருக்குத்தான். ஆடிக் காற்றில் ஸ்பிரே அடிக்கப் போனவனை என்னவென்று சொல்ல? முதல் அடியில் பாதி கறுப்பு பெட்டிக்கு, மீதி பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சேலைக்கு. "ஏனப்பா, தீவாளிக்கு இன்னும் மூணு மாசங் கெடக்குது, அதுக்குள்ள எனக்குக் கலரு சீலையா?" என்றார் அந்த வீட்டு ஆத்தா.

அப்புறம் டிவி வந்த அட்டைப்பெட்டியைப் படுக்க வைத்து, அதற்குள் பெட்டியை வைத்து, ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் நின்று லேசு லேசாக நான்கு கோட் அடித்தான். ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழியும். ரொம்பத் தள்ளி நின்று அடித்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே பதினைந்து நிமிஷம். ஆர்வக்கோளாறில் உள்பக்கமும் ஒரு கோட். அங்கேதான் வந்தது வினை.

ஒரு வாரம் காயவிட்டு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஆம்ப்பை ஆன் செய்தால்... ங்ங்ங்ங்ங்.

வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கிடார்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஜி சுரத்துக்கு ஒரு மயிரிழை மேலே. சுவருக்குள் ஓடும் வயரெல்லாம் இந்த முனகலைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டே இருக்கும். பெட்டியை உலோகத்தில் செய்வது அழகுக்கோ, மிதி தாங்கவோ மட்டும் இல்லை. கேபிள் சொருகும் ஜாக்கின் உலோகக் கழுத்து பெட்டியைத் தொட்டு, பெட்டி முழுவதையும் சர்க்யூட்டின் எர்த்தோடு சேர்த்துவிடும். முனகல் பெட்டியோடு நின்றுவிடும். இவன் அந்தத் துளைக்கும் பெயிண்ட் அடித்துவிட்டான். ஜாக்குக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு தோல். எர்த் இல்லாத பெட்டி வெறும் ஏரியல். அது பிடித்துக் கொடுத்ததை ஃபஸ் சர்க்யூட் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டியது.

இது தெரிய அவனுக்கு ரெண்டு ராத்திரி ஆனது. மூடியைத் திறந்து, துளையைச் சுற்றி உள்பக்கம் அரையங்குலத்துக்குப் பேனாக்கத்தியால் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டினான். மூடி உட்காரும் விளிம்பையும். பல் வாஷர் ஒன்று போட்டு முறுக்கினான். முனகல் நின்றது.

புள்ளிகள் மட்டும் பாக்கி. அப்பாவோடு கீபோர்டு வாசித்தவர் இப்போது அவிநாசியில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். போன் போட்டுக் கேட்டான். "அட, புள்ளியெல்லாம் ஒரு கணக்குக்குத்தான் மாப்ளே. திறந்த மைதானம்னா ஒரு மாதிரி வெப்பாரு, மண்டபம்னா எதிரொலிக்குமல்ல, கொறச்சுக்குவாரு. கூட்டத்தப் பாத்துட்டுத்தான் கைய வெப்பாரு."

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா அடிக்கடி வாசிக்கும் ஒரு மெலடியை எடுத்தான். அம்மா சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் கம்மி."

திருப்பினான்.

"இல்ல, ரொம்பக் கொறச்சுப் போட்டே. அதுக்கு முன்னால... ம், அங்கதான்."

கணக்கு நோட்டுக்கு வைத்திருக்கும் ஒயிட்னரை எடுத்து அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தான். கறுப்பில் பளிச்சென்று தெரிந்தது. குத்துப் பாட்டு எங்கேம்மா என்று கேட்டதற்கு, "அது வரைக்கும் எவ முழிச்சிருந்தா? உன்னைய மடில போட்டுட்டு முன்னாடி வரிசையிலயே தூங்கிப் போயிருவேன்" என்றார்.

ரெண்டாவது புள்ளி இன்னும் வைக்கவில்லை.