கையேட்டிலிருந்து விடைபெறும் பழைய வழிகள்



ஒரு கையேடு எதைக் கற்பிக்கின்றது என்று நாம் ஆராய்வதுண்டு. எதைக் கற்பிப்பதை நிறுத்த வேண்டும் என்று எண்ணுவது அரிது. எங்கள் கணினிக் கழகத்தின் தமிழ்க் கையேட்டைத் திருத்தும் பணி என்னிடம் வந்தபோது இவ்வினாவே முன்னின்றது. பள்ளி வலைத்தளத்தைக் கவனிக்கும் ஆசிரியர்களும், இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பின்னும் கழகத்திற்கு வரும் பழைய மாணவர்களும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

அதில் ஒரு பகுதி, 1985ஆம் ஆண்டில் குனு திட்டத்தின்வழி வெளிவந்த ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியைப் பற்றியது. 2007இல் வந்த அதன் 22ஆம் பதிப்பில் டிரேம்ப் என்னும் கூறு சேர்ந்தது. தொலைவிலுள்ள வழங்கியில் இருக்கும் கோப்பை, நம் கணினியில் இருப்பது போலவே திறந்து திருத்த அது உதவுகின்றது. எந்த வழியில் இணைய வேண்டும் என்பதைக் கோப்பின் பெயருக்கு முன்னரே எழுதிவிடலாம். அதன் ஆங்கிலக் கையேட்டில் அவ்வழிகள் நெடுங்காலம் ஒரே பட்டியலாக நின்றன. ஆர்.எஸ்.எச். முதலில், எஸ்.எஸ்.எச். அடுத்து, பின்னர் டெல்நெட். எங்கள் தமிழ்க் கையேடும் அவ்வரிசையையே பின்பற்றியிருந்தது.

இம்மூன்றும் நிகரானவை அல்ல. 1983இல் நெறிப்படுத்தப்பட்ட டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்புகின்றது. அஞ்சலட்டையில் எழுதியதை வழியில் உள்ள எவரும் படிக்கலாம் அல்லவா? அது போன்றதே. அதே ஆண்டில் பெர்க்லி யூனிக்சின் 4.2 பதிப்போடு பரவிய ஆர்.எஸ்.எச்., கோப்பொன்றில் எழுதி வைத்த கணினிப் பெயர்களை நம்பிக் கடவுச்சொல் கேளாமலே கதவைத் திறந்துவிடும். ஒருவரையொருவர் அறிந்த சிறு வலையமைப்புக்கு அது போதுமானதாக இருந்தது. 1995இல் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. அதன் பின்னரே தாத்து யுலோனன் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை உருவாக்கினார். அனைத்தையும் மறையாக்கம் செய்து அனுப்புவதே அதன் சிறப்பு.

பழைய பகுதிகளை நீக்கப்போவதாகக் கூறியபோது, கழகத்தின் மூத்த ஆசிரியர் ஒருவர் தடுத்தார். "தம்பி, பழைய கருவி வைத்திருப்பவர் என்ன செய்வார்? தமிழில் இருப்பதே கொஞ்சம். அதையும் அழிக்கலாமா?" என்றார்.

அவர் கவலை பொருளற்றதன்று. ஆயினும் அவர் சொன்ன காரணமே நீக்குவதற்கும் காரணம் என்று எனக்குப் பட்டது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு ஒரு பக்கம் பழையதாக இருந்தால், புதிய பக்கங்கள் பத்து கிடைக்கும், ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார். தமிழில் படிக்கும் மாணவனுக்குக் கிடைப்பது ஒரே பக்கம். அதில் டெல்நெட் என்று இருந்தால் டெல்நெட்டையே பழகுவான். வீட்டில் மற்றவற்றுக்கும் பயன்படும் அதே கடவுச்சொல்லை அதில் இடுவான். தடையின்றி இணைந்துவிட்டதால், தான் செய்தது சரியென்றே நம்புவான்.

நீக்குவதற்கும் ஒரு முறை உண்டு. ஓபன் எஸ்.எஸ்.எச். குழுவினர் எஸ்.எஸ்.எச்.சின் முதற் பதிப்பு நெறிமுறைக்கு விடைகொடுத்த விதம் நல்ல பாடம். 2015இல் அதனை இயல்பாக இயங்காதபடி செய்தனர். 2016இல் வழங்கிப் பகுதியிலிருந்து நீக்கினர். 2017இல் பயனர் பகுதியிலிருந்தும் நீக்கினர். எஸ்.சி.பி. கட்டளையை வேறு விதமாகக் கையாண்டனர். அதன் பழைய நெறிமுறை காலாவதியானது என 2019இல் அறிவித்து, 2022இல் கட்டளையின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே எஸ்.எஃப்.டி.பி. வழிக்கு மாற்றினர். பயனர் பழகிய சொல் மாறவில்லை, பாதை மாறியது.

நாங்களும் படிப்படியாகவே சென்றோம். பாடப்பகுதியில் எஸ்.எஸ்.எச். மட்டும் இடம்பெற்றது. டெல்நெட், ஆர்.எஸ்.எச். இரண்டும் பின்னிணைப்பிற்குச் சென்றன. அவை எப்போது தோன்றின, ஏன் கைவிடப்பட்டன, அவற்றுக்கு மாற்று எது என்பன மட்டும் அங்குள்ளன. தட்டச்சு செய்து பார்ப்பதற்கான கட்டளை ஒன்றும் இல்லை. வரலாறு அழியவில்லை, வழிகாட்டுதல் மட்டும் நின்றது. மூத்த ஆசிரியரும் இதற்கு இசைந்தார். பழைய கருவி வைத்திருப்பவருக்காக, தெரிந்த ஆசிரியரை நாடுமாறு ஒரு வரியை அவரே எழுதிச் சேர்த்தார்.

பழையன நீங்குவதை நம் இலக்கண நூலாரும் குற்றமாகக் கருதவில்லை. ஆசிரியர்களே, உங்கள் பள்ளியிலுள்ள கணினிக் குறிப்புகளின் முதற்பக்கத்தில், கடைசியாகச் சரிபார்த்த ஆண்டை எழுதி வையுங்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் கையில் உள்ள குறிப்பில் அவ்வாண்டு இல்லையெனில், தயங்காமல் எங்களிடம் கேளுங்கள். அக்கேள்வியை நாங்கள் குறையாகக் கொள்ளமாட்டோம்.

மீண்டும் சந்திப்போம்.