சூக் ஏரியில் வள்ளம் இறக்கும் காலம்

சூக் புகையிரத நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் ஏரி வந்துவிடும். வெயில் நாளில் றிகி மலையும் பிலாத்துஸ் மலையும் தெளிவாகத் தெரியும். புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுடன் அங்கேதான் போகின்றன. ஆழமான இடத்தில் அந்த ஏரி 198 மீற்றர்.

நாங்கள் மூவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். எங்களுடன் வேலை செய்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர் ஒருவரிடம் சிறிய மோட்டார் வள்ளம் ஒன்று உண்டு. பனிக்காலம் முழுவதும் அது ரெயிலரின் மேல் ஒரு விவசாயியின் கொட்டிலில் கிடக்கும். பங்குனி கடைசியில் அதைத் தயார் செய்ய எங்களைக் கூப்பிடுவார். ஏரியில் ஒரு சுற்றுத்தான் கூலி.

முதல் வருடம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஊரில் கயிற்றை இழுத்து மோட்டார் பிடித்தால் கடலுக்குப் போவதுதானே! இவரோ காலையிலிருந்து மத்தியானம் வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். மோட்டாரின் அடிக்காலிலுள்ள ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்த்தார். அது பால் விட்ட தேநீர் போலிருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். விசிறியைக் கழற்றி, அச்சில் மீன்பிடி நூல் சுற்றியிருக்கிறதா என்று தேடினார். அந்த நூல்தான் ஒயில் தடுப்பை அறுத்துவிடுமாம். பழைய பெற்றோலை எடுத்துவிட்டுப் புதிதாக விட்டார். பிறகு பெரிய பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் இறக்கித்தான் ஸ்ராட் செய்தார். தண்ணீரில்லாமல் ஓடவிட்டால் உள்ளே தண்ணீர் இழுக்கும் றப்பர் கொஞ்ச நேரத்திலேயே கருகிப்போகும்.

இவ்வளவும் சரி. கரையில் எங்கள் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் இடியப்பப் பார்சலுடன் காத்திருந்தார்கள். அப்போதுதான் மனிதர் ரெயிலரின் ரயரைக் குனிந்து பார்த்தார். பூ இன்னும் தேயவில்லை, ஆனால் பக்கத்தில் மெல்லிய வெடிப்புகள். ஜக் வைத்துத் தூக்கிச் சில்லைச் சுற்றியபோது கரகரவென்று சத்தம். நாலு கிலோமீற்றர்தானே என்று கெஞ்சினோம். அவர் பதில் பேசாமல் வள்ளத்தை மூடிவிட்டார்.

அன்று கரைக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மனிதர்மேல் கோபமும் வந்தது. அடுத்த சனிக்கிழமை சில்லைக் கழற்றினோம். பெயாறிங் முழுவதும் துரு. தெருவில் ஓடிச் சூடான சில்லை உடனே குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்கித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சற்று ஆறவிட்டுத்தான் இறக்கவேண்டும். லைற் வயரையும் முதலே கழற்றிவிட வேண்டும். போகிற வழியோ ஏரிக்குச் சரிவான இறக்கம். சில்லு கழன்றிருந்தால் வள்ளம் யார்மேல் போயிருக்கும்?

சூக் ஊரவர்கள் ஏரியை இலேசாக எண்ணுவதில்லை. 1887 யூலை 5ஆம் திகதி கரையோரத் தெரு ஒன்று வீடுகளுடன் ஏரிக்குள் சரிந்து 11 பேர் இறந்தார்கள். வள்ளம் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் முதியவர் கையால் காட்டுவார்.

அவர் கடைசியாகப் பார்ப்பது மிதவை அங்கிகள். ஆளுக்கொன்று இருக்கவேண்டும். பிள்ளைகளை நிறுத்துப் பார்த்துப் போடுவார், ஏனென்றால் போன வருட அங்கி இந்த வருடம் போதாது. சித்திரையில் ஏரித் தண்ணீர் கைகாலை விறைக்கப்பண்ணிவிடும். நீச்சல் தெரியும் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

புதியவர்களுக்கு ஒன்று: இந்த ஏரியில் 6 கிலோவாற் வரையான மோட்டாருக்கு ஓட்டுநர் பத்திரம் தேவையில்லை. ஆனால் வள்ளத்துக்குப் பதிவும் காப்புறுதியும் கட்டாயம். வாங்க விரும்புபவர்கள் முதலில் ரெயிலரைப் பாருங்கள்.

வள்ளத்தின் பின்னடியில் தண்ணீர் வடிய ஒரு துவாரம் உண்டு. பனிக்காலத்தில் அதன் அடைப்பைக் கழற்றி வைப்பார்கள். இறக்கும்போது திரும்பப் பூட்ட மறப்பவர்கள் பலர். அந்த வேலையை எங்களில் ஒருவர் வேறு யாருக்கும் விடமாட்டார். 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது அவருக்கு ஏழு வயது. சில நாட்களின் பின் கிளாலியால் இரவில் கடந்தார்கள். வள்ளத்துக்குள் தண்ணீர் ஏற ஏற, தாயார் பால்மாப் பேணியால் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தாராம். ஏறுமுன் எதையும் பார்க்க அன்று யாருக்கும் நேரமிருக்கவில்லை.

போன சித்திரையிலும் அவர் அடைப்பை இறுக்கினார். பிள்ளைகள் ஏறி இருந்த பிறகு, திரும்பவும் கையை விட்டுப் பார்த்தார்.