வெளியே போகலாமா, டீச்சர்?

நெடுநாள்களுக்குப் பின் எழுதுகிறேன். மாணவனின் தாயாரிடம் அனுமதி பெற்றே இதனை எழுதுகிறேன்.

இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் ஏழு வயது மாணவன். ஒரு பாடவேளைக்குள் இருமுறை வெளியே போகக் கேட்பான். கால்களைப் பின்னிக்கொண்டு நெளிவான். ஒரு நாள், "இப்போதுதானே போனாய், உட்கார்" என்றேன். சற்று நேரத்தில் நாற்காலியின் கீழ் ஈரம். பிள்ளைகள் சிரித்தனர். இருபது ஆண்டுப் பணியில் நான் மிகவும் வெட்கிய நாள் அது.

மாலையில் தாயார் சொன்னார்: "ஸ்கூல் நாள்ல தண்ணியே குடிக்க மாட்டேங்கிறான் டீச்சர். அடிக்கடி காய்ச்சல் வேற." அது சிறுநீர்த் தொற்றால் வந்த காய்ச்சல் என்று பின்னர் அறிந்தோம்.

கோலாலம்பூர் மருத்துவமனையில் முதலில் ஒரு குறிப்பேட்டைத்தான் கொடுத்தனர். எப்போது குடித்தான், எப்போது போனான் என்று எழுத வேண்டும். பள்ளி நேரக் குறிப்பு என் பொறுப்பாயிற்று. அடுத்து, சிறுநீர் பாயும் வேகத்தை அளந்து, பையில் மீதம் நிற்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்த்தனர். பல பிள்ளைகளுக்கு இவ்வளவே போதும். இவனுக்கு மீதம் நின்றது. தொற்றும் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே யூரோடைனமிக் பரிசோதனை.

மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர்ப்பைக்குள்ளும் மற்றொன்றை ஆசனவாயிலும் வைத்து, உப்புநீரைப் பைக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். இருமினாலும் அழுதாலும் வயிற்றின் அழுத்தம் இரு குழாய்களிலும் ஏறும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது பைத்தசையின் சொந்த அழுத்தம். நான் இரண்டாம் ஆண்டுக்குக் கற்பிக்கும் அதே கழித்தல்தான்! மயக்க மருந்தில்லை, பிள்ளை விழித்தே இருப்பான். பின்னர் ஓரிரு நாள் எரிச்சல் இருக்கலாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இதனைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெற்றோர்களே. ஒளித்து அழைத்துச் செல்லாதீர்கள்.

வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பையின் கொள்ளளவு தோராயமாகக் கிடைக்கும். ஏழு வயதுக்கு 240 மில்லிலிட்டர். இவனுக்கோ 110 நிறைவதற்குள் தசை தானாகவே இறுகியது. நான் உட்காரச் சொன்னபோதும் அப்படித்தான் இறுகியிருக்கும்.

இப்போது மருந்து உண்டு. மலச்சிக்கலுக்கும் கவனிப்பு உண்டு. இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை அவனாகவே எழுந்து போவான், கேட்க வேண்டியதில்லை. ஆனால் மாணவர் கழிவறையின் தாழ்ப்பாள் உடைந்திருப்பதால் உள்ளே போக அஞ்சுகிறான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வெள்ளிக்கிழமை. அதைத்தான் முதலில் பேசப் போகிறேன்.