அனுப்புகிறவர் செலவு

ஜூன் 2, 2025, திங்கள்

மே மாத வங்கி ஸ்டேட்மென்ட்டை இன்று வரி விடாமல் படித்தேன். நூல் மில், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், லேபிள், எலாஸ்டிக், பாலிபேக், அட்டைப்பெட்டி என ஒரு டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்குள் எத்தனை பேருக்குப் பணம் போகவேண்டும் என்பது திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போன ஒவ்வொரு தொகைக்கும் கீழே ஒரு சின்னப் பற்று விழுந்திருக்கிறது: 2.95, 5.90, 17.70, 29.50.

எல்லாம் நெஃப்ட் கட்டணம். ரிசர்வ் வங்கி இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 10,000 ரூபாய் வரை 2.50, 1 லட்சம் வரை 5, 2 லட்சம் வரை 15, அதற்கு மேல் எவ்வளவானாலும் 25. மேலே 18% ஜிஎஸ்டி. எங்கள் வங்கி எல்லாப் படியிலும் உச்சத்தையே வாங்குகிறது.

10 லட்சத்தை ஒரே மில்லுக்கு அனுப்பினால் 25 ரூபாய். அதையே பத்தாயிரம் பத்தாயிரமாக நூறு பேருக்கு அனுப்பினால் 250. சில்லறை சில்லறையாகப் பலரிடம் சரக்கு வாங்கி, பலரிடம் ஜாப் ஒர்க் கொடுத்து ஓட்டுகிற சிறு கம்பெனிக்குத்தான் இது கூடுதலாக விழுகிறது.

ஜூன் 4, புதன்

லேபிள் சப்ளை செய்கிற அண்ணன் வந்திருந்தார். பேச்சு கட்டணத்தின் பக்கம் திரும்பியதும் செல்போனில் தன் கணக்கு லெட்ஜரைத் திறந்து காட்டினார். வேறொரு கம்பெனியின் பக்கம் அது. 9,440 ரூபாய் பில்லுக்கு வந்த பணம் 9,437.05. 26,550 ரூபாய் பில்லுக்கு 26,544.10. வங்கிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள்.

"பணம் பெருசில்லீங்க. ஆனா ஒரு பில்லும் முடிய மாட்டேங்குது. வருசக் கடைசியில ஆடிட்டர் கேக்குறாரு, இந்த மூணு ரூவா, ஆறு ரூவா பாக்கியெல்லாம் என்னன்னு. அந்தக் கம்பெனியில கேட்டா, எங்க கணக்குல பாக்கியே இல்லைன்னுறாங்க" என்றார்.

முழு பில் தொகைக்கு ஜிஎஸ்டி கட்டியவர் அவர். சரக்கை முழுதாகக் கொடுத்தவரும் அவர்தான். நெஃப்ட்டில் பணம் பெறுகிறவரிடம் வங்கி ஒரு பைசாவும் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெறுகிறவர் கையில் முழுத் தொகை சேரவேண்டும் என்றுதான் அந்த ஏற்பாடே. வங்கியே கைவைக்க முடியாத பணத்தில், அனுப்புகிற நாம் கைவைப்பது எப்படி நியாயமாகும்? அனுப்பும் செலவு அனுப்புகிறவருடையது. லாரி வாடகை, மின்கட்டணம் போல இதுவும் நம் தொழிலின் செலவு. குறைக்க வழி தேடலாம். அடுத்தவர் பில்லில் கழிக்கக் கூடாது.

ஜூன் 6, வெள்ளி

"இவ்வளவு கட்டணம் எதுக்குங்க, பழையபடி ரொக்கமாவே கொடுத்துடலாமே" என்றார் எங்கள் கட்டிங் மாஸ்டர். வருமான வரிச் சட்டம் விடாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவுக் கணக்கில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், அந்தத் தொகை முழுவதற்கும் வரி கட்டவேண்டி வரும்.

பழைய முறையும் இலவசமாக இருந்ததில்லை. அப்பா காலத்தில் வெளியூர் மில்லுக்குப் பணம் அனுப்ப டிடி எடுக்கவேண்டும். அதற்குக் கமிஷன், வரிசையில் நின்ற நேரம், கூரியர் செலவு. நெஃப்ட் 2005-இல் வந்தது. 2019 டிசம்பரிலிருந்து இரவு பகல், விடுமுறை நாள் பாராமல் ஓடுகிறது. இந்த வசதியின் அருமை தெரிந்துதான் கட்டணத்தைப் பற்றியும் கேட்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வங்கிக்குப் போய்க் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கினேன். நடப்புக் கணக்கில் பல திட்டங்கள். எங்களுடையதில் இணையம் வழி அனுப்பினாலும் கட்டணம் உண்டு. அடுத்த திட்டத்துக்கு மாறினால் நெஃப்ட் இலவசம், ஆனால் சராசரி இருப்பு இன்னும் 1 லட்சம் கூடுதலாக இருக்கவேண்டும்.

மேனேஜர் மேசையிலேயே கணக்குப் போட்டேன். சிசி கடனுக்கு ஆண்டுக்கு 10% வட்டி என்று வைத்தால், அந்த 1 லட்சத்தைச் சும்மா வைத்திருக்க ஆகும் செலவு 10,000 ரூபாய். 5 ரூபாய்க் கட்டணத்தில் அது 2,000 பரிமாற்றங்களுக்குச் சமம். அவ்வளவு அனுப்புகிறவருக்கு அந்தத் திட்டம் லாபம், எங்களுக்கு இல்லை. 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டு யாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். முதலில் மாதத்துக்கு எத்தனை நெஃப்ட் போகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

எங்கள் ஜிஎஸ்டி எண் வங்கிக் கணக்கில் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது இருந்தால்தான் கட்டணத்தின் மேல் பிடிக்கும் 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியும். 5.90-இல் 90 பைசாதானே என்று விடக்கூடாது. கடன் புதுப்பிக்க 25,000 ரூபாய் பிராசசிங் கட்டணம் பிடித்தால் அதன் மேல் ஜிஎஸ்டி 4,500. அதுவும் இதே வழியில்தான் திரும்பி வரும்.

ஜூன் 14, சனி

இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. சம்பள நாளும்கூட. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஜிஎஸ்டிஆர்-2பி இன்று வந்தது; மே மாத வங்கிக் கட்டணத்தின் வரி அதில் ஏறியிருக்கிறதா என்று சரிபார்த்தோம்.

கணக்கு பார்க்கிற தங்கச்சியோடு உட்கார்ந்து, பணம் அனுப்பும் முறையை எழுதி வைத்தோம். சிறு தொகைகள் யுபிஐ-யில் போகட்டும். பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரை அனுப்பலாம், அனுப்புகிறவருக்குக் கட்டணம் இல்லை. ஒரே சப்ளையருக்கு ஒரே வாரத்தில் நாலைந்து சின்ன பில் இருந்தால் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பி, எந்தெந்த பில் என்று விவரம் எழுதவேண்டும். 9,000 ரூபாய் பில் நாலைத் தனித்தனியாக அனுப்பினால் கட்டணம் 10 ரூபாய். சேர்த்து 36,000 ஆக அனுப்பினால் 5.

நூல் மில்லுக்கு 5 லட்சத்துக்கு மேல் போகும்போது அவசரம் பார்த்து முடிவெடுக்கவேண்டும். ஆர்டிஜிஎஸ்-க்கு உச்சவரம்பு 49.50, நெஃப்ட்டுக்கு 25. உடனே சரக்கு ஏறவேண்டும் என்றால் ஆர்டிஜிஎஸ்; சற்றுப் பொறுக்கலாம் என்றால் நெஃப்ட். புதுக் கணக்கு எண் எது வந்தாலும், அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் பார்க்கவேண்டும். முன்பு கணக்கு எண்ணை மட்டும் வைத்துத்தான் பணம் வரவானது. இந்த ஏப்ரலிலிருந்து பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தரவேண்டும், அதற்குக் கட்டணமும் கூடாது.

கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக யாருடைய பணத்தையும் தள்ளிப்போடக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொன்னேன். குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாகவேண்டும் என்பது சட்டம். எங்கள் லேபிள்காரருக்கோ அடுத்த வாரம் தறிக்கு நூல் வாங்கவேண்டும்.

ஜூன் 18, புதன்

2019 ஜூலை முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் பரிமாற்றங்களுக்கு வங்கிகளிடம் தான் வாங்கிவந்த கட்டணத்தை ரிசர்வ் வங்கி நிறுத்தியது. 2020 ஜனவரி முதல், சேமிப்புக் கணக்கிலிருந்து இணையம் வழி செய்யும் நெஃப்ட்டுக்கு வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. நடப்புக் கணக்கு அந்தச் சலுகையில் சேரவில்லை. நாலு பவர் டேபிள் போட்டுத் தைத்துக் கொடுக்கிறவரும் தொழிலுக்கு நடப்புக் கணக்குத்தான் வைக்கவேண்டும். அவருக்கும் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும் உச்சவரம்பு ஒன்றுதான். உத்யம் பதிவு உள்ள குறு நிறுவனங்களுக்கு 1 லட்சம் வரையிலான இணைய நெஃப்ட்டையாவது இலவசமாக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் கேட்கவேண்டும். நான் எங்கள் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அது வரும்போது வரட்டும். நம் கையில் இருப்பதை இன்றே செய்யலாம். எங்கள் பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்தோம்: "பில் தொகை முழுதாக அனுப்பப்படும், வங்கிக் கட்டணம் எங்களுடையது." எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் இதே வரியைக் கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. கீழே இருப்பவருக்குக் கொடுத்துவிட்டோம். இனி மேலே இருப்பவரிடம் உரிமையோடு கேட்கலாம்.