கியர் ஆயிலும் கிரௌன் ஆயிலும்



வண்டி வைத்திருப்போர் எஞ்சின் ஆயிலை மறப்பதில்லை. அடுத்து எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று முன்கண்ணாடியில் ஒட்டிய சீட்டே நினைவூட்டிவிடும். ஆனால் பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டியில் இன்னும் இரண்டு இடங்களில் எண்ணெய் உண்டு. ஒன்று கியர் பெட்டி. மற்றொன்று பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல். நம் ஊர் லாரிப் பட்டறைகளில் இதைக் கிரௌன் என்பார்கள். இவ்விரண்டுக்கும் நினைவூட்டுச் சீட்டு ஒட்டுவோர் அரிது. வண்டியின் ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லை என்று சொல்லும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். எண்ணெயின் ஆயுளா, வண்டியின் ஆயுளா, உத்தரவாதக் காலத்தின் ஆயுளா என்று கேட்டால் தெளிவான விடை வராது.

ஓர் உஸ்தாதுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். என் வாப்பா லாரி ஓட்டியவர். சிறுவயதில் கிரௌன் ஆயிலின் கந்தக நெடி எங்கள் வீட்டுத் துணிகளிலேயே இருந்தது. சென்ற ஆண்டு மதரஸா விடுமுறையில் ஷார்ஜாவில் என் லாத்தா வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய மகன் தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்த இரண்டு ஆயிலையும் மாற்ற வேண்டும், கூட வாருங்கள் என்று அழைத்தான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய 2003ஆம் ஆண்டின் மஸ்தா எம்.எக்ஸ்-5. இரண்டே இருக்கைகள், மடக்கும் கூரை, கையால் மாற்றும் ஐந்து கியர்கள். அவனுக்கு மகள் பிறந்திருந்தாள். இரண்டு இருக்கை இனிப் போதாது என்பதால் வண்டியை விற்க முடிவு செய்திருந்தான். வாங்க விரும்பியவர் மறுநாள் வருவதாக இருந்தார்.

வாடகைக் கட்டடத்தின் வாகன நிறுத்துமிடத்தில் இத்தகைய வேலை செய்யக் கூடாது. ஆகவே தொழிற்பேட்டையில் அவன் நண்பர் வைத்திருக்கும் சிறு பட்டறைக்குச் சென்றோம். கால் மணி நேர ஓட்டத்தில் எண்ணெய் இளகியிருந்தது. குளிர்ந்த கியர் ஆயில் தேன்போல் மெல்ல இறங்கும். அடியில் படிந்த கசடும் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். வெதுவெதுப்பாக இருந்தால் கசட்டையும் இழுத்துக்கொண்டு வரும். அருகிலேயே செல்லும் புகைக்குழாய் மட்டும் சூடாக இருக்கும். கையைக் காத்துக்கொள்ள வேண்டும். நான்கு புறமும் தாங்கிகள் வைத்து வண்டியைச் சமமட்டமாக நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். மட்டம் சரியாக இல்லாவிட்டால் எண்ணெயின் அளவும் பொய் சொல்லும்.

இதில் வாப்பாவிடம் கற்ற ஒரு முறை உண்டு. வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன், ஊற்றும் திருகைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பல்லாண்டுகள் திறக்கப்படாத திருகு இறுகிக் கிடக்கும். பழைய எண்ணெயை வடித்துவிட்ட பிறகு ஊற்றும் வாய் திறக்க மறுத்தால், வண்டியை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. எங்களுக்கு இரண்டும் திறந்தன, அல்ஹம்துலில்லாஹ். கிரௌனுக்கு மட்டும் நீண்ட கைப்பிடியும் இருவர் பலமும் வேண்டியிருந்தன.

கியர் பெட்டியிலிருந்து இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைவாக வடிந்தது. நிறம் கறுத்திருந்தாலும் வெளிச்சத்தில் பிடித்தபோது பொன்துகள் போன்ற மினுமினுப்புத் தெரிந்தது. கியர் மாற்றும்போது பற்சக்கரத்தின் வேகத்தையும் தண்டின் வேகத்தையும் ஒன்றாக்கித் தரும் பித்தளை வளையங்கள் தேய்ந்த தூள் அது. இந்த வயது வண்டியில் அது அச்சத்துக்குரியதன்று. வடிக்கும் திருகின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தது, அதுவும் இயல்பே. துடைத்து, புதிய வாஷர் இட்டு இறுக்கினோம்.

இரண்டு இடங்களுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றிவிடலாமே என்று பலர் கேட்பதுண்டு. டின்னில் 75டபிள்யூ-90 என்ற எண் ஒன்றாக இருக்கலாம். அதன் அருகில் இருக்கும் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்ற குறியையும் பார்க்க வேண்டும். கிரௌனில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பெரும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கின்றன. அங்கே உலோகம் உலோகத்தைத் தின்னாமல் காக்கக் கந்தகமும் பாஸ்பரசும் மிகுதியாகச் சேர்த்த ஜி.எல்.-5 தேவை. அதே சேர்மானம் சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடும். மேலும், பித்தளை வளையம் தன் வேலையைச் செய்யச் சற்று உராய்வு வேண்டும். மிகுந்த வழுக்கல் அதற்கு உதவாது. ஆதலால் கியர் பெட்டிக்கு ஜி.எல்.-4 வாங்கியிருந்தோம். ஊற்றும் வாய் பக்கவாட்டில் இருப்பதால் புனல் வைக்க இடமில்லை. கைப்பம்பும் ரப்பர் குழாயும் கொண்டே ஏற்ற வேண்டும். வாயின் விளிம்பைத் தொட்டு எண்ணெய் மெல்லக் கசியும்போது நிறுத்திவிடலாம்.

பின்னர் கிரௌனைத் திறந்தோம். ஒரு லிட்டர் வர வேண்டிய இடத்தில் அரை லிட்டர்கூட வரவில்லை. முன்புற ரப்பர் சீல் காய்ந்து, பல காலமாகக் கசிந்திருக்கிறது. கூட்டின் வெளிப்புறத்தில் புழுதியோடு படிந்த பிசுக்கே அதற்குச் சான்று. காந்த முனையைத் துடைத்தபோது குழம்புக்குள் நொய்யரிசி அளவில் ஓர் உலோகத் துண்டு இருந்தது. ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் முறிந்த சொரசொரப்பு. அது தேய்ந்து விழுந்த தூளன்று. பல்லின் ஓரம் உடைந்து விழுந்தது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு முனகல் வருகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது என்று வழியில் அவன் சொன்னதன் பொருள் அப்போது எங்களுக்கு விளங்கியது.

பட்டறை நண்பர் எட்டிப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து 85டபிள்யூ-140 டின் ஒன்றை எடுத்து வைத்தார். மிகத் தடிமனான எண்ணெய். அதை ஊற்றினால் சில வாரங்களுக்கேனும் முனகல் அடங்கிக் கிடக்கும். பழைய வண்டி வியாபாரத்தில் இது புதிதன்று. கிரௌனில் மரத்தூளைக் கலந்து ஓசையை அடக்கி விற்ற கதைகளை வாப்பாவே சொல்லியிருக்கிறார். நண்பர் தீய எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு அது தொழிலில் ஒரு வழக்கம்.

மருமகன் டின்னைக் கையில் எடுத்தான். "மாமா, நான் பொய் ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு ஆயிலும் புதுசா மாத்தினேன்னுதானே சொல்லப் போறேன்? அது உண்மைதானே?" என்றான். குழந்தை பிறந்த வீட்டின் செலவு எனக்கும் தெரியும். ஆகவே அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை.

ஃபிக்ஹு பாடத்தில் வியாபாரம் பற்றிய பகுதியை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அதில் 'தஸ்ரியா' என்று ஒன்று வரும். விற்பதற்கு முன் சில நாட்கள் ஆட்டையோ ஒட்டகத்தையோ கறக்காமல் விட்டு, மடி பருத்துத் தோன்றச் செய்வது. நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் அளித்தார்கள். அங்கே விற்பவர் வாயால் ஒரு பொய்யும் சொல்வதில்லை. மடி பருத்திருப்பது உண்மை. அதற்குள் பால் இருப்பதும் உண்மை. அந்த மடியைப் பார்த்து, நாள்தோறும் இவ்வளவு கறக்கும் என்று வாங்குபவர் தாமாகவே நம்பிக்கொள்கிறார். மாணவர்களுக்கு இதை விளக்க எனக்கு எப்போதும் ஆடுதான் உதாரணம். இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஆடு கறந்தவர் எவருமில்லை.

இதை அவனிடம் சொன்னேன். அவன் மறுமொழி கூறவில்லை. டின்னைச் சற்று நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தான். பிறகு நாங்கள் கொண்டுவந்திருந்த 90 தர எண்ணெயையே எடுத்து, கசியும்வரை ஏற்றினான். சீலை மாற்ற அன்று பொழுது போதவில்லை. பழைய எண்ணெயைப் பட்டறையின் கழிவுப் பீப்பாயில் சேர்த்தோம். மணலில் கொட்டிவிட்டுப் போவோரையும் அங்கே கண்டிருக்கிறேன். நிலத்தடி நீருக்கும் அதன்மீது வாழும் உயிர்களுக்கும் செய்யும் கேடு அது.

மறுநாள் வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தார். மருமகன் அந்த உலோகத் துண்டை வெள்ளைத் தாளில் மடித்து வைத்திருந்தான். விரித்துக் காட்டி, சீல் கசிவதையும் முனகலையும் சொன்னான். அவர் நன்றி கூறிவிட்டுச் சென்றார், திரும்ப அழைக்கவில்லை. அன்றிரவு லாத்தா என்னோடு அதிகம் பேசவில்லை.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் வேறொருவர் வாங்கினார் என்று மருமகன் அழைத்துச் சொன்னான். கேட்ட விலையில் 3,000 திர்ஹம் குறைத்திருக்கிறார். பழைய கிரௌன் ஒன்றை வாங்கித் தாமே மாற்றிக்கொள்வாராம். போகும்போது தாளில் மடித்திருந்த அந்தத் துண்டையும் கேட்டு வாங்கிச் சென்றாராம்.