பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? பெயின்ட்டைப் பார்க்காதீங்க, சேஸ் நம்பரைப் பாருங்க! - திருவண்ணாமலை டு ஜவ்வாது மலை

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்தான் திருவண்ணாமலை கொஞ்சம் மூச்சு விடும். 14 கி.மீ கிரிவலப் பாதையை நிறைத்திருந்த கூட்டம் ஊர் திரும்பியிருக்கும். போலீஸ் தடுப்புகளை ஓரமாக நகர்த்தியிருப்பார்கள். முந்தைய நாள் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டுகளில் நின்றுவிட்ட பஸ்கள் மறுபடியும் உள்ளே வர ஆரம்பித்திருக்கும். இந்த ஊரில் வண்டி பார்க்க வருபவர்களுக்கு முதல் டிப்ஸே இதுதான்: பௌர்ணமி அன்று வராதீர்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க ரோடு கிடைக்காது.

அப்படி ஒரு காலையில் செங்கம் சாலையில், ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பச்சை ஜீப் ஒன்று பளபளவென்று நின்றது. பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், பக்கவாட்டில் வெள்ளை நட்சத்திரம். அதைப் பார்க்க போளூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மூன்று பேர் வந்திறங்கினார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், அவருடைய மகன், கூடவே அவர்கள் ஊர் மெக்கானிக் பெரியவர்.

குடும்பத்துக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில் நாலு ஏக்கர் நிலம். கடைசி ஒரு கிலோமீட்டர் வண்டிப்பாதை, நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் மினி லாரி வராது, பைக் சறுக்கும். 'ஃபோர் வீல் ஜீப் ஒண்ணு இருந்தா போதும்ப்பா' என்று மகன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து நாலு லட்சம் ஒதுக்கியாயிற்று. போட்டோவைப் பார்த்த உடனேயே மகன் 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். அதுதான் அப்பாவுக்குக் கோபம். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், இது அந்தக் காலத்து வின்டேஜ் வண்டி. ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகும். சத்தத்தைக் கேளுங்க!" என்றார் புரோக்கர்.

மெக்கானிக் பெரியவர் சத்தத்தைக் கேட்கவில்லை. பானட் மீது கையை வைத்தார். சூடாக இருந்தது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பழைய டீசல் என்ஜினின் உண்மையான குணம் குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் தெரியும். சூடேறிய என்ஜின் யாரையும் ஏமாற்றும்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நம் ஊரில் 'ஜீப்' என்று சொல்லப்படும் வண்டியின் தாத்தா, இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப். வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைச் செய்தன. போர் முடிந்த 1945-ல் இந்தியாவில் தொடங்கிய நிறுவனம்தான் மஹிந்திரா. அப்போது அதன் பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. பிரிவினைக்குப் பிறகு பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதி அமைச்சராகிவிட, 1948-ல் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆனது. 1940-களின் இறுதியில் வில்லிஸ் உதிரிபாகங்களை மும்பையில் கோத்து ஜீப் தயாரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு, உயரமான பானட் கொண்ட சி.ஜே.3பி மாடல் பல வருடங்கள் ஓடியது. அரசு அதிகாரிகள், போலீஸ், எஸ்டேட், கட்சி பிரசாரம் எல்லாவற்றிலும் அதுதான். 1980-களில் பூஜோ டீசல் என்ஜினோடு எம்.எம்.540 வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டு கிராமங்களில் 'பழைய ஜீப்' என்று விலைபேசப்படுவதில் நிறைய இந்த வகையறாதான். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி தனி ரகம். எடை குறைவு, பெட்ரோல். 2010-ல் தார் வந்த பிறகு இந்தப் பழசுகளுக்கெல்லாம் மவுசு கூடிவிட்டது. இளைஞர்கள் தேட ஆரம்பித்தார்கள். விலையும் ஏறியது, வேஷமும் ஏறியது.

'வின்டேஜ்' என்ற வார்த்தையும் அப்படி ஏறியதுதான். மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிதான் வின்டேஜ். அதற்குத் தனிப் பதிவு, 'வி.ஏ' எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம் என்றெல்லாம் இருக்கிறது. முக்கியமாக, அப்படிப் பதிவான வண்டியை அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும்தான். வயலுக்கு உர மூட்டை ஏற்ற நினைப்பவருக்கு அது எதற்கு? 1990-களில் வந்த ஜீப்பை 'வின்டேஜ்' என்று ஒருவர் சொன்னால், விலையை ஏற்றுகிறார் என்று அர்த்தம்.

மறுபடியும் செங்கம் சாலைக்கு வருவோம். பெரியவர் பையிலிருந்து மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்தார். சேஸில் எண் வெட்டியிருக்கும் இடத்தைத் துடைத்து, அதன் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் அப்படியே தாளில் பதிந்தது. ஆர்.டி.ஓ ஆபீஸ் படிவங்களில் ஒட்டுவார்களே, அதே பென்சில் பிரின்ட்தான்.

"புக்கைக் காட்டுங்க."

"புக்கு ஓனர் வீட்ல இருக்கு. வாட்ஸ்அப்ல போட்டோ இருக்கு, பாருங்க."

போட்டோவில் சேஸ் எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால், எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்'. பானட்டுக்குள் நின்றதோ டீசல் என்ஜின். என்ஜின் எண்ணும் வேறு.

இது அபூர்வமான விஷயம் இல்லை. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் என்ஜினுக்கு மாற்றப்பட்ட ஜீப்புகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. மாற்றியது தப்பில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி அனுமதி வாங்கி ஆர்.சி-யில் ஏற்றாமல் விட்டதுதான் தப்பு. அப்படிப்பட்ட வண்டியைப் பெயர் மாற்றவோ, புதுப்பிக்கவோ கொண்டுபோனால், ஆய்வாளர் பானட்டைத் திறந்த நிமிடமே வேலை நின்றுவிடும். விபத்து என்று ஒன்று நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேள்வி எழுப்புவதும் இங்கேதான்.

"தம்பி, என்ஜின் ரிப்பேர்னா போளூர்லயே பார்த்துக்கலாம். புக் ரிப்பேரை எந்த மெக்கானிக்கும் பார்க்க முடியாது" என்றார் பெரியவர்.

புரோக்கர் விடவில்லை. "அதெல்லாம் ஏத்திக்கலாம் சார், நம்ம ஆளு இருக்காரு" என்றார். ஆசிரியர் அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார். "அந்த ஆளு ஏத்தின பிறகு போன் பண்ணுங்க." அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு டோக்கன் பணத்தில் 9,000 திரும்பி வந்தது. ஆயிரம், வண்டியைக் காட்ட ஆன டீசல் செலவாம்!

அடுத்த வாரம் அவர்கள் பார்த்த இரண்டாவது வண்டி, போளூரில் ஒரு வீட்டுக் கொட்டகையில் நின்றது. 1990-களின் எம்.எம்.540. ஒரே குடும்பத்தின் கையில் இருந்த வண்டி. பெயின்ட் வெளுத்து, தார்ப்பாய் கிழிந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. மகனின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால், புக்கில் இருந்த இரண்டு எண்ணும் வண்டியில் இருந்த இரண்டு எண்ணும் ஒன்று. எம்-பரிவாஹன் செயலியில் தட்டினால் விவரம் வந்தது. கடன் அடமானம் இல்லை. பழைய கையெழுத்து புக் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில வண்டிகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியே இருக்காது. அதை ஏற்றித் தருவது விற்பவரின் வேலை. வாங்குபவர் தலையில் கட்டிக்கொள்ளக் கூடாது. புதுச்சேரி பதிவு வண்டிகளும் இந்தப் பக்கம் நிறைய விலைக்கு வரும். அவற்றுக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். கடற்கரைக் காற்றில் நின்ற வண்டி என்றால் துரு வேறு.

பெரியவர் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சின்னச் சுத்தியலால் சேஸைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு 'டங்' என்னும். துரு தின்ற இரும்பு 'தொப்' என்னும். கமான் பட்டைகள் மாட்டியிருக்கும் இடம், ஸ்டியரிங் பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் இடம். இந்த இரண்டிலும்தான் பழைய ஜீப்புகளுக்கு விரிசல் விடும். புதிதாக வெல்டிங் வைத்த கோடு தெரிந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். சேஸ் முழுக்கக் கெட்டியாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். பிறகு கால்மிதியைத் தூக்கினார். தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, வழியே மண் தெரிந்தது. "இது தகடு. ரெண்டு நாள் டிங்கர் வேலை. சேஸ் சுத்தம்" என்றார்.

கொட்டகையில் ஒரு வாரமாக ஓடாத வண்டி, மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. முதலில் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்தது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். அங்கிருந்து புகை பொங்கினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேசாகத்தான் வந்தது.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலையைவிட நல்ல பரிசோதனைக்கூடம் இந்த மாவட்டத்தில் கிடையாது. கிரிவலப் பாதை மாதிரியான சமதளத்தில் எந்த ஜீப்பும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றத்தில் ஏறும்போது ரேடியேட்டர் சூடாகிறதா, கியர் தானாக நழுவுகிறதா, வளைவில் ஸ்டியரிங் நடுங்குகிறதா... எல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஏறுவதைவிட இறங்குவது முக்கியம். பழைய ஜீப்புகளில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, நடுவில் ஷாஃப்ட்டில்தான் பிடிக்கும். அந்த டிரம்மில் ஆயில் கசிந்திருந்தால், சரிவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது!

ஜமுனாமரத்தூரில் டீ குடித்தார்கள். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுத்தான். சாமை விளையும் மலை இது. சீசனில் பலாப்பழ வாசனை தூக்கும். ஆசிரியருக்கு மனது லேசாகிவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மாவட்டத்து எல்லைக்குள் இருக்கும் காவலூர் வானியல் ஆய்வகத்துக்கு ஒருமுறை மாணவர்களை அழைத்துப் போனதையும், அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்ததையும் மகனிடம் சொன்னார். டோக்கன் பண விவகாரத்துக்குப் பிறகு அப்பாவும் மகனும் நீளமாகப் பேசியது அங்கேதான்.

ஃபோர் வீல் சோதனையைத் தார்ச்சாலையில் செய்யக் கூடாது. காய்ந்த தாரில் போட்டுத் திருப்பினால் கியர்கள் இறுகிக்கொள்ளும். இறங்கி வந்து, அவர்கள் நிலத்துக்குப் போகும் ஓடை மணலில்தான் லிவரைத் தள்ளிப் பார்த்தார்கள். லோ கியரில் வண்டி ஆமை மாதிரி, ஆனால் நிற்காமல் ஏறியது. சில வண்டிகளில் லிவர் மட்டும் இருக்கும், முன்பக்க ஷாஃப்ட்டே இருக்காது. குனிந்து பார்ப்பது நல்லது. ஃபோர் வீல் இருக்கிறது என்பதற்காக அண்ணாமலையார் மலைப்பக்கமோ, ஜவ்வாது காட்டுக்குள்ளோ இறக்கிவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் வண்டி ஓட்டினால் வனத்துறை வழக்குப் போடும்.

விலை பேசும்போது ஆசிரியர் நாலு லட்சத்தைச் சொல்லவே இல்லை. மூன்றுக்குள் முடித்தார். பிரேக், டயர், தரைத்தகடு, தார்ப்பாய், கூடவே பதிவுப் புதுப்பிப்புக்கு மிச்சம் வேண்டுமே! சொந்த வண்டிக்கு முதல் 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி புதுப்பிக்க வேண்டும். 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புகளுக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி.

விற்றவர் வீட்டில் ஓர் அம்மா இருந்தார், மறைந்த கணவரின் வண்டி அது. அவர் பெயருக்கு ஆர்.சி ஏற்கெனவே மாறியிருந்தது நல்லதாகப் போயிற்று. "பேரை சீக்கிரம் மாத்திக்கோங்க தம்பி" என்று அவர் இரண்டு முறை சொன்னார். அவர் கவலை நியாயமானது. விற்ற பிறகும் ஆர்.சி-யில் பெயர் மாறாமல் விபத்து நடந்தால், புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நஷ்டஈடு அவர் தலையில்தான் விழும். தாத்தா ஜீப்பை வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோன வீடுகள் கவனிக்கவும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ் பெயர் மாற்றம். இவ்வளவுதான் வேலை.

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. ஆர்.சி கைக்கு வரும்வரை ரோட்டில் ஏற்றக் கூடாது என்று ஆசிரியர் உத்தரவு. அதனால் ஜீப் இப்போது வீட்டு வாசல் புளியமரத்தடியில், புதுத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. மகன் தினமும் காலையில் போய் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். அப்பா திண்ணையில் பேப்பர் படித்தபடி, "டீசல் யாரு காசு?" என்கிறார்.