ஆனைமுடிக்கும் மேலே ஒரு ஏரி!

ஐ.வி. என்றால் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று காலேஜ் சர்க்குலர் சொல்லும். ஒரு நாள் ஃபேக்டரி, மிச்ச நாளெல்லாம் ஊர் சுத்தல் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த ரகசியம்! அப்படித்தான் போன மே மாசம் சண்டிகர் - மணாலி கிளம்பினோம். வழியில் மண்டி என்கிற ஊரில் ஒரு நாள் ரெஸ்ட். ஹெச்.ஓ.டி. காலில் விழாத குறையாக பர்மிஷன் வாங்கி, நானும் என் ரூம்மேட்டும் விடிகாலையில் எஸ்கேப்... பராசர் ஏரிக்கு!

சின்னதா ஒரு ஜி.கே. பாஸ். தென்னிந்தியாவிலேயே உசரமான சிகரம் ஆனைமுடி, 2,695 மீட்டர். இந்த ஏரி இருக்கிற இடமே 2,730 மீட்டர்! வியாசரோட அப்பா பராசரர் இங்கே தவம் செய்ததாக நம்பிக்கை.

பாகி கிராமம் வரைக்கும் ஜீப். அங்கிருந்து காட்டு வழியாக சுமார் எட்டு கிலோமீட்டர் ஏற்றம். "மேல வரைக்கும் ரோடு இருக்கே, ஏன் நடக்கறீங்க?" என்று ஜீப் டிரைவர் கேட்டார். 'ரோட்ல போனா அது டூர், நடந்து போனாதான் ட்ரெக்' என்று ரூம்மேட்டிடம் பஞ்ச் டயலாக் விட்டேன்.

அவனுக்கு வீசிங் உண்டு. அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தான். "பையைக் குடுடா" என்று வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். தியாகி ஃபீலிங்! தேவதாரு மரங்கள், ஜில் காற்று... கால்கள் தானாகப் பறந்தன. ஒரு புல்வெளிக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பின்னாடி யாருமே இல்லை.

செல்லில் சிக்னல் இல்லை. அப்போதுதான் சுரீர் என்று உறைத்தது. அவனோட தண்ணி பாட்டில், ஸ்வெட்டர், இன்ஹேலர் எல்லாமே என் தோளில்!

ஏறின வழியில் இறங்கி ஓடினேன். கத்தினேன். இருபது நிமிஷம் இருக்கும். வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், ஒரு பாறையில் குனிந்து உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் சத்தம். பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர். தன் சால்வையை அவனுக்குப் போர்த்தி, முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். அவனுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நான் இன்ஹேலரை நீட்டியபோது என் கை நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவன் பேசின முதல் வார்த்தை, "லூசு... நீ மேல போயிருக்கலாம்ல?" எனக்குக் கண் கலங்கிடுச்சு பாஸ்.

அதுக்கு மேல ஏறலை. அவன் நல்லா மூச்சு விட ஆரம்பித்ததும் மெதுவாக பாகிக்கே இறங்கினோம். இந்த முறை அவன் முன்னாடி, நான் பின்னாடி. அதே ஜீப் டிரைவர்! ஒண்ணும் கேட்கலை, சிரிக்கவும் இல்லை. ரோடு வழியாகவே மேலே கூட்டிப்போனார்.

ஏரியைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் பேச்சே வரலை. பச்சைப் புல் சரிவுகளுக்கு நடுவே வட்டமாகத் தண்ணி. அதில் புல்லும் வேரும் பின்னிய ஒரு குட்டித் தீவு, மிதந்து இடம் மாறிக்கொண்டே இருக்குமாம்! கரையில் மூணு அடுக்குக் கூரையோடு மரக் கோயில். தூரத்தில் பனி மலை வரிசை. இந்த உயரத்தில் தண்ணி 91 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் மேகி வேக லேட்டாச்சு. லேட்டாகட்டுமே!

நீங்களும் போகணுமா? தாராளமா போங்க. ஆனா ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். 2023 மழையில் மண்டி மாவட்டம் பட்ட பாடு நாடே பார்த்தது. இருட்டுவதற்குள் இறங்குகிற மாதிரி கிளம்புங்க. ஏரி புனிதமானது, குதிச்சுக் குளிக்கிற ஆசை வேண்டாம். முக்கியமா, குரூப்பில் யார் மெதுவா நடக்கிறாங்களோ, அவங்களை முன்னாடி விடுங்க. அவங்க மருந்து அவங்க பாக்கெட்லயே இருக்கட்டும்.

ட்ரெக் கணக்கில் நாங்க ஃபெயில்தான். ஆனா அந்த அரியரை க்ளியர் பண்ண அடுத்த மே மாசம் மறுபடி போறோம். பையை அவனே தூக்குவானாம்!